துறையன்னையின் இடது கை

ஜூன் 4

இன்றைய செய்தித்தாளில் மூன்று எழுத்துப் பிழைகள். நான்காவது பிழை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்திருக்கிறது: ஆற்றங்கரையில் துறையன்னைக்கு வெண்கலச் சிலை. நம் நாட்டின் முதல் தாயாம். அந்நியர்கள் படகில் வந்து இறங்கிய நாளில், துறையில் தனியாக நின்று, இடது கையால் நீர் வார்த்து அவர்களை வரவேற்றாளாம். ‘வரலாற்று ஆசிரியர்கள் அனைவரும் ஏற்றுக்கொண்ட உண்மை’ என்று கீழே ஒரு வரி.

ஏற்றுக்கொண்டார்களாம்! ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதினார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். எங்கள் கான்வென்ட்டில் அதற்குப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். இங்கே பேராசிரியர் பதவி.

முதலில் எழுதியவர், என் வீட்டுக்காரர், கூடத்துச் சுவரில் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கென்ன, போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய வரலாற்றுப் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தைத்தான் ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது.

ஜூன் 6

மழை. வேலைக்காரப் பெண் வரவில்லை. கூடத்தை நானே துடைத்தேன். முழங்கால் வலி. ஆனால் கூடம் பளிச்சென்று இருக்கிறது.

ஜூன் 9

மகனும் மருமகளும் வந்தார்கள். மருமகள் செருப்போடு கூடத்தில் கால் வைத்தாள். பார்த்தேன். வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தாள். இத்தனை வருடமாக இதே கதைதான்.

ஆனால் இன்று அவள் முகம் சரியில்லை. அவள் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். போன மாதம் ஒரு பத்திரிகையில், துறையன்னை என்று ஒருத்தி இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாள். சிலை வைக்கப்போகிற நேரத்தில்! கல்லூரி வாசலில் கூச்சல். நாட்டின் தாயை அவமதித்தாள் என்று விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். வேலை போகும் என்கிறார்கள்.

மகன் குதித்தான். “அப்பா எழுதினதையே பொய்யிங்கறாம்மா இவ! ஊரே சிரிக்குது. நீங்களாவது ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

கட்டுரையை வாங்கிப் படித்தேன்.

“ரெண்டாவது பாராவுல ஒரு வாக்கியம் வால் மாதிரி நீண்டுக்கிட்டே போகுது. அத மூணா உடைச்சிருக்கணும்” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு.”

மருமகள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். மகனின் முகத்தில் ஈயாடவில்லை.

ஜூன் 10

எழுதிவிடுகிறேன். எனக்கே ஒழுங்காக நினைவிருக்கிறதா என்று பார்க்கவாவது.

திருமணமான புதிது. இதே போல ஒரு மழைக்காலம். இவர் யாரிடமும் சொல்லாமல் வெளிநாட்டு அறிஞர்கள் சிலரைச் சாப்பிட அழைத்துவிட்டார். படகுத்துறையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். முழங்கால் வரை சேறு. நான் அப்போதுதான் கூடத்தைத் துடைத்து முடித்திருந்தேன். இடது கையில் தண்ணீர்க் குடம், வலது கையில் தரை துடைக்கும் துணி. வாசற்படியில் குறுக்கே நின்றேன். “காலக் கழுவிட்டு உள்ள வாங்க” என்றேன். அவர்களுக்குப் பாஷை புரியவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் காலில் ஊற்றிக் காட்டினேன். பெரிய மனிதர்கள் வரிசையில் நின்றார்கள்.

துறையன்னையின் வரவேற்பு இதுதான்.

இடது கை ஏன்? நான் பிறவியிலேயே இடது கைக்காரி. எழுதுவதை மட்டும் கான்வென்ட்டில் மதர் அடிஸ்கேலால் அடித்து அடித்து வலது கைக்கு மாற்றினார். குடம் பிடிப்பதையும் தோசை திருப்புவதையும் பார்க்க மதர் வரவில்லை.

அந்தக் காட்சி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. புத்தகத்தில் எழுதினார். ‘கற்பனை செய்து பார்ப்போம்: ஆற்றுத்துறையில் ஒரு பெண், இடது கையில் குடம்…’ என்று நேர்மையாகத்தான் தொடங்கினார். முதல் பதிப்பில் அப்படித்தான் இருக்கிறது. மூன்றாம் பதிப்புக்கு நான் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது பார்த்தால், அந்தத் தொடக்கத்தைக் காணோம். அச்சகத்தின் தவறு என்று நினைத்துக் கேட்டேன்.

“நான்தான் எடுத்தேன். கூட்டத்துல படிச்சா ஜனங்க கண்ணுல தண்ணி வருது. ஒரு நாட்டுக்கு ஒரு அம்மா வேணும்தானே? விடேன்” என்றார்.

ஜனங்கள் கண்ணில் தண்ணீர். இவர் காதில் கைதட்டல்.

அதன்பிறகு ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது. குடம் இடது கையில் என்றால் வலது கையில் என்ன இருந்திருக்கும்? வாள்தான் என்று ஒருவர் தடித்த புத்தகம் போட்டார். ஆகவே நாம் வீர இனம். இல்லை, வலது கையை நீட்டி அழைத்தாள் என்று இன்னொருவர். ஆகவே நாம் விருந்தோம்பும் இனம். இரண்டு கட்சிக்காரர்களும் மேடையில் வேட்டியை வரிந்து கட்டாத குறை. ஒரு தரை துடைக்கும் துணியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் தொங்குகிறார்கள்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எவனும் கேட்கவில்லை. பேட்டி எடுக்க வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது, “காபிக்குச் சக்கர போட்டிருக்கா?”

ஜூன் 15

சால்வை வந்தான். எந்தப் பருவத்திலும் சால்வையைக் கழற்றாத இவரது பழைய மாணவன். இப்போது சிலைக் குழுவுக்குத் தலைவன். கல்லூரி நிர்வாகமும் அவன் சொல்லுக்குத்தான் ஆடுகிறது. வாசலில் நின்று கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தான். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

“அம்மா, சிலையை நீங்கதான் திறந்து வைக்கணும்.”

“அந்த அம்மாள எனக்குத் தெரியும்ப்பா. அவ்வளவு மரியாதைக்கெல்லாம் தகுந்தவ இல்ல.”

சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “முதல் பதிப்ப நானும் பாத்திருக்கேம்மா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “தெரிஞ்சேதான் சிலை வைக்கிறியா?”

“எந்த நாட்டத் தோண்டினாலும் அடியில ஒரு ‘கற்பனை செய்து பார்ப்போம்’ இருக்கும்மா. அத எடுத்துட்டாதான் நாடு. சார் அத எங்களுக்கு முன்னாடியே புரிஞ்சுகிட்டவர்.”

“புரிஞ்சுகிட்டாரா? அவருக்குக் கைதட்டல் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு பொய்க்குக் கண்ணு காது மூக்கு வெச்சு, அதுக்குத் தத்துவம்னு பேரு வெக்காத.”

கோபப்படவில்லை. காபியை முழுவதும் குடித்தான். கிளம்பும்போது சொன்னான். “நீங்க வந்து திறந்து வெச்சுட்டா, உங்க மருமக விசாரணைய அன்னைக்கே முடிச்சிடலாம். மாமியாரே வந்துட்டாங்க, குடும்பத்துல மன்னிச்சிட்டாங்கன்னு. இல்லன்னா… என் கையில இல்லம்மா.”

எல்லாம் அவன் கையில்தான் இருக்கிறது. சால்வைக்குள்.

ஜூன் 17

மருமகள் தனியாக வந்தாள். சால்வை சொன்னதைச் சொன்னேன். பிறகு குடம், சேறு, துணி எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் வாயைத் திறந்தபடி கேட்டாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள்.

“அப்ப இந்த நாட்டுக்கே அம்மா நீங்கதானா அத்தை?”

“ஒருத்தனுக்கு அம்மாவா இருந்தே பாத்துட்டேன். அதுவே உருப்படல.”

மறுபடி சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இவளோடு சேர்ந்து சிரித்த ஞாபகம் இதற்கு முன் இல்லை.

பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. “எனக்காக நீங்க அந்த மேடையில ஏற வேண்டாம். வேலை போனா வேற பாத்துக்குவேன்.”

“ஏறாம வீட்டுல இருந்தா வேலை போகும். ஏறி வாயத் திறக்காம இருந்தா வேலை மிஞ்சும். ஏறி வாயத் திறந்தா?”

“மாமா பேரு போகும்” என்றாள். பையை எடுத்து மாட்டிக்கொண்டு, “வேலையும் போகும்” என்றாள்.

அவள் கிளம்பும்போதுதான் பார்த்தேன். செருப்பை வாசலிலேயே, ஜோடியாக, ஒழுங்காக வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஜூன் 18

அவர் படத்தைத் துடைத்தேன். கண்ணாடியை மட்டும். முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 22

நாளை விழா. வருகிறேன் என்று சால்வைக்குச் சொல்லிவிட்டேன். என்ன பேசுவேன் என்று அவனும் கேட்கவில்லை. வயதானவள், அழுதுவிட்டு உட்கார்ந்துவிடுவாள் என்ற நம்பிக்கை.

எனக்குக் கான்வென்ட்டில் ஒரு தேசம் கொடுத்தார்கள். கடலுக்கு அப்பால் இருந்த யாரோ ராஜாக்களின் பெயர்களை வரிசையாக ஒப்பித்தால் அது என் தேசம். ஒப்பித்தேன், பரிசு வாங்கினேன். பிறகு இவர் ஒன்று கொடுத்தார், அந்த ராஜாக்கள் இல்லாதது. அதைப் பிழை திருத்தினேன். இப்போது சால்வை ஒன்று கொண்டுவருகிறான். ஒவ்வொருவனும் இதுதான் ஆதியிலிருந்து இருந்தது என்கிறான். தன் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவன் பெயர் தெரியாதவன்கூட, ஆயிரம் வருடத்துக்கு முன் ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்று எழுதுகிறான். இவர்கூட அப்படித்தான். கடைத்தெரு எந்தப் பக்கம் என்று கடைசிவரை தெரியாது. ‘நம் மக்களின் ஆன்மா’ மட்டும் தெரியும்.

இவ்வளவு ஏளனமாக எழுதுகிறேனே, பிறகு ஏன் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை அடித்து எழுதுகிறேன்?

ஏன் என்று தெரியும். அவர் மூச்சு நின்றபோது என்னிடம் மிஞ்சியது அவருடைய பெயர் மட்டும்தான். நாளை அதையும் நானே—

போதும். புடவையை இஸ்திரி போட வேண்டும்.

ஜூன் 23

கூட்டம். பந்தல். வாள் கட்சிக்காரர் ஒரு பக்கம், வரவேற்புக் கட்சிக்காரர் மறுபக்கம். கயிற்றை இழுத்தேன், துணி விலகியது. என்னைப் போல் மூன்று மடங்கு உயரம். என்னிடம் எப்போதும் இல்லாத இடுப்பு. இடது கையில் குடம். வலது கையை என்ன செய்வது என்று சண்டை தீராததால் முந்தானைக்குள் மறைத்துவிட்டார்கள்!

அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. சிரிப்பு வந்தது. மைக்கை வாங்கினேன்.

“முந்தானைக்குள்ள இருக்கறது வாள் இல்ல. தரை துடைக்கற துணி. எனக்குத் தெரியும். ஏன்னா அது நான்” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன், வரிசையாக. கடைசியில் அதையும் சொன்னேன். “என் கணவர் முதல்ல இத கற்பனைன்னுதான் எழுதினார். அப்புறம் அந்த வார்த்தைய அவரே எடுத்தார். எடுத்தது தப்பு. என் மருமக எழுதினது சரி.”

எங்கோ ஒரு குழந்தை அழுதது. பிறகு — கைதட்டினார்கள்! எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது. பின்னாலிருந்து யாரோ, “பொய்யி, எறக்குங்க அந்தக் கெழவிய!” என்று கத்தினான். கூட்டத்தில் அவன் ஒருவன்தான் நான் சொன்னதைக் கவனித்துக் கேட்டிருக்கிறான்.

சால்வை என் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். அவன் கை சில்லென்று இருந்தது.

ஜூன் 24

செய்தித்தாள்: ‘துறையன்னை நம் ஒவ்வொரு வீட்டிலும் வாழ்கிறாள் — மறைந்த அறிஞரின் மனைவி நெகிழ்ச்சி.’

நெகிழ்ச்சி! நானா!

மாலையில் மகன் தொலைபேசியில் கத்தினான். “அப்பாவ நடுத்தெருவுல நிறுத்திட்டீங்களேம்மா!” வைத்துவிட்டான். அவன் அழுதிருக்கிறான். குரலில் தெரிந்தது. அவன் அப்பாவுக்கும் அப்படித்தான், முதலில் மூக்கு அடைக்கும்.

நான் என்ன இரும்பா?

ஜூலை 11

விசாரணைக் குழு முடிவு சொல்லிவிட்டது. நூலாசிரியரின் மனைவியே கூட்டத்தில் சொன்ன பிறகு, மருமகள் சொன்னது பொய் என்று எழுத அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. உண்மை என்று எழுதவும் வரவில்லை. ‘துறையன்னை இருந்தாரா என்பது இக்குழுவின் வரம்புக்கு அப்பாற்பட்டது’ என்று பூசி மெழுகிவிட்டு, அவளைக் கல்லூரி நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளம் உண்டு. வகுப்பு இல்லை.

“பிள்ளைங்க இல்லாம என்னடி பண்ணுவ?” என்றேன். ‘டி’ தானாக வந்துவிட்டது. அவள் கவனித்தாள்.

“அங்க நிறைய புத்தகம் இருக்கு அத்தை. ஒவ்வொண்ணுலயும் எந்தப் பதிப்புல என்ன காணாமப் போச்சுன்னு பாக்கப் போறேன்.”

அவளுக்கு வகுப்பு என்றால் உயிர்.

ஆகஸ்ட் 19

மகன் வந்தான். கூடத்தில் அப்பா படத்துக்குக் கீழே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். “முதல் பதிப்பு இருக்காம்மா?” என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். படித்தான். “நல்லாத்தானே எழுதியிருக்காரு” என்றான்.

“கற்பனை செய்து பார்ப்போம்னு போட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.”

ஆகஸ்ட் 28

மருமகள் ஆற்றங்கரை வழியாக வந்தாள். வந்ததும் கால் கழுவக்கூட நிற்கவில்லை. “அத்தை, சிலையோட கையை மாத்தறாங்க!” அது நானில்லை என்று நிரூபிக்க, குடத்தை வலது கைக்கு மாற்றுகிறார்களாம். இடது தோளை அறுத்தபோது உள்ளே வெண்கலமே இல்லை. சிமென்ட்டுக்கு மேல் பூச்சு.

அவர் புத்தகத்தின் புதுப் பதிப்பிலும் ‘வலது கை’ என்றே அச்சடிக்கச் சால்வை ஆள் அனுப்பியிருந்தான். என் கையெழுத்து வேண்டுமாம். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் வலது கை என்று எழுதவில்லை. அவர் பார்த்தது என்னை. அதில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.

ஆக, இந்த நாட்டில் இனி எனக்கு வேலை இல்லை. மதரால் அடித்து மாற்ற முடியாததைச் சிலைக் குழு அறுத்து மாற்றிவிட்டது.

கூடத்தில் சேற்றுக் கால் தடம் அப்படியே இருக்கிறது. ஒரு ஜோடிப் பாதம், வாசலிலிருந்து மேஜை வரை. மருமகள் அங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். வாக்கியம் இன்னும் நீளம்தான். காயட்டும், அப்புறம் துடைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பக்கத்தை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து பாலர் வகுப்புப் பிள்ளையுடையதைப் போலக் கோணிக்கொண்டு போகிறது. படிக்க முடிகிறது.