அரிமளத்தில் வைத்த பிளெக்ஸ்

அன்புள்ள கலைமதிக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

எங்கள் ஐ.நா. அமைதிப்படையோடு ரோந்து வரும் இந்த நாட்டு ராணுவ கேப்டன், விசாரிக்க மட்டும்தான் என்றான். அதை நம்பி, ஒளிந்திருந்த ஊர்க்காரர்களை நான்தான் கூப்பிட்டேன். என் நீலத்தொப்பியைப் பார்த்து வெளியே வந்தார்கள். என் கண்ணெதிரே அவர்களை அடித்துத் துவைத்தான். நான் துப்பாக்கியைத் தூக்கினேன். "வேணாண்ணே, அவன் நம்ம தரப்பு ஆளு" என்று எங்கள் படையில் இருக்கும் ஆலங்குடி வெற்றிச்செல்வன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

எதையும் பார்க்கவில்லை என்று எழுதித் தரச் சொன்னார்கள் என் மேலதிகாரிகள். பார்த்தேன் என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். பயப்படாதே, எனக்கு ஒரு கீறலும் இல்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்ப வேண்டாம், சோறு இறங்கவில்லை.

வண்டி கிளம்புகிறது. அரிமளம் பஸ் ஸ்டாண்டில் நான் அனுப்பிய போட்டோவைப் போட்டுப் பசங்க எனக்கு வைத்த பிளெக்ஸை உடனே கழற்றச் சொல். அதில் என் தோளில் கைபோட்டுச் சிரிப்பவன் அந்த கேப்டன்தான்.

குணசேகரன்