எமகண்டத்தில் ஒரு ஜீப்

நேற்றுச் சாயங்காலம் உன் மகள் சுவரில் இருந்த நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "பெரியம்மா, திங்கக்கெழம எமகண்டம் எப்ப?" என்று கேட்டாள். தாளிலேயே அச்சடித்திருக்கிறது, இருந்தும் கேட்டாள். "பத்தரையில இருந்து பன்னெண்டு" என்று பார்க்காமலே சொன்னேன். "அப்ப உடவளவைக்கு அந்த நேரம் சரியா வரும்" என்றாள். அவ்வளவுதான். களைந்த அரிசியையே மறுபடி களைந்துகொண்டு நின்றேன். இன்றைக்கும் அதே கதைதான். உட்கார்ந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வருகிற ஞாயிறு நம் தோட்டத்துக் கோயிலில் அவளுக்குக் கல்யாணம். மறுநாள் விடிந்ததும் வேனில் இறக்குவானைக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு. என்னைக் கட்டிக்கொடுத்த அதே பக்கம், அதே ரோடு. நடுவில் உடவளவைத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு சுற்று. "அம்மா எல்லாருக்கும் போட்டுக் குடுத்த பிளான்தானே பெரியம்மா" என்கிறாள். ஆமாம், உன் பிளான்தான். அதில் எனக்கு ஒரு முள் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

நீ பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்த காலம் அது. கொழுந்து எடுக்கவும் ரப்பர்ப் பால் வெட்டவும் போகிறவர்களுடைய குழந்தைகளை வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த மிருகப் படங்களை நாள் முழுக்கக் காட்டிக் காட்டி, கடைசியில் பைத்தியம் பிடித்தது உனக்குத்தான். எந்தப் பார்க்கில் எந்த மாதம் எது தண்ணீருக்கு வரும் என்று டிக்கட் கொடுக்கிறவன்மாதிரி ஒப்பிப்பாய். ஆனால் நாமெல்லாம் யானை பார்ப்பதற்கென்று புறப்பட்டுப் போகிற சாதியா? கல்யாணம், காதுகுத்து, கருமாதி, இதற்குத்தான் நமக்கு வேன். அதனால் நீ கல்யாணப் பயணத்துக்குள்ளேயே பார்க்கை நுழைக்கப் பழகினாய். யாருக்குக் கல்யாணம் ஆனாலும் ஒரு கொப்பித்தாளோடு போய் நிற்பாய்.

என் கல்யாணத்துக்கு நீ போட்ட கணக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நம் தெஹியோவிட்டயில் இருந்து காலை ஐந்துக்குப் புறப்பட வேண்டும், ஏனென்றால் அன்றைக்கும் திங்கள், ஏழரைக்கு ராகுகாலம். அங்கங்கே நின்று அப்படிப் போனால் எமகண்டம் தொடங்கும்போது மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிற்போம். எமகண்டத்தில் புதுப்பெண் படியேறக் கூடாது. "ஒன்றர மணி நேரம் வெயில்ல நின்னு வீட்டப் பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு, யானையப் பாக்கலாமேங்க" என்று என் மாமியாரிடம் நீ சொன்னாய். அந்த அம்மாவை மடக்கிய ஒரே ஆள் நீதான். வேறு வழியில்லாமல் சரி என்றார். என் காதில் மட்டும், "எமகண்டம் சும்மாதானடி கெடக்கு" என்றாய்.

இறக்குவானைக்குத் திரும்புகிற சந்தியில் வேன் திரும்பாமல் நேராகப் போனபோது உன் முகத்தைப் பார்த்தேன். கல்யாணப் பெண் நானா நீயா என்று இருந்தது. பார்க் வாசலில் ஜீப்காரர், "நங்கி, தவல் அலி அடுய்" என்றார். தங்கச்சி, பகலில் யானை குறைவு என்று அவர் சொன்னதும், நீ அவரிடம் சிங்களத்திலேயே சண்டைக்குப் போய், தண்ணீர் ஓரமாகப் போனால் பகலிலும் நிற்கும் என்று அவருக்கே வழி சொன்னாய்.

எல்லாரும் ஜீப்பில் ஏறப்போகிற நேரம்தான் மாமியார் கேட்டார்: "வெளக்க டிரைவர்கிட்டயா விட்டுட்டுப் போறது?"

பெண் வீட்டுக் குத்துவிளக்கு புகுந்த வீட்டில் இறங்கும்வரை பெண் பக்கத்து ஆள் ஒருத்தர் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் வழக்கம், தப்புச் சொல்ல முடியாது. பெண் பக்கத்தில் இருந்து வந்தது இரண்டே பேர். சிநேகிதியாக நீ, என் தம்பி. தம்பி ஜீப்பில் ஏறி முன் சீட்டைப் பிடித்துவிட்டான். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். "டேய், நீ எறங்கு" என்று ஒரு வார்த்தை. என் தம்பிதானே, நான் சொன்னால் இறங்கியிருப்பான். புது மாமியாருக்கு முன்னால் முதல் நாளே குரல் உயர்த்த வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன். "நீ பாத்துட்டு வந்து சொல்லுடி" என்று நீயே வேனில் ஏறி விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய்.

திரும்பி வந்தபோது வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முந்தானையால் விசிறிக்கொண்டு இருந்தாய். "சொல்லு, சொல்லு" என்றாய். நான் என்ன சொன்னேன்? "ஒன்னும் பெருசா இல்லடி. வெயில்தான்."

அதற்குப் பிறகு எத்தனை கல்யாணம். எனக்கு ஒரே வருஷத்தில் வீட்டுக்காரரோடு இங்கேயே திரும்பி வரக் கிடைத்தது, நீ மற்றவர்களுக்கு பிளான் போடுவதை எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். போய் வந்தவர்கள் போனில் படம் காட்டுவார்கள், நீ பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாய். உனக்குக் கல்யாணம் வந்தபோதோ மாப்பிள்ளை பக்கத்து லயத்து வீட்டுக்காரர். "பத்து எட்டு வக்கிறதுக்குள்ள எந்தப் பார்க்கடி நொழைக்கிறது?" என்று நீயே சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். நாம் இரண்டு பேரும் பௌர்ணமிக்கு லீவு விடுகிற ஒரு போயா நாளில் பஸ் ஏறிப் போயிருக்கலாம். போகலாம் போகலாம் என்று இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டினோம்.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னோடு பேசிய நாளிலும் அதையே கேட்டாய். "அன்னைக்கு நெசமாவே ஒன்னும் இல்லியாடி?" அப்போதாவது சொல்லியிருக்கலாம். "தண்ணி குடி" என்று கோப்பையை நீட்டினேன். நீ குடித்தாய். நான்கு நாளில் போய்விட்டாய்.

நேற்று உன் மகள் வேனில் போகிறவர்களின் பேர்களை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "வெளக்குகிட்ட யாரு பெரியம்மா இருக்கிறது?"

"நான்" என்றேன். கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக வைத்திருந்த பதில் அது. அந்த வேனில் நான் வெயிலில் வெந்தால் உனக்குக் கொஞ்சம் ஆறும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "ஏன் பெரியம்மா, வெளக்கையும் ஜீப்புல தூக்கி மடியில வச்சிக்கிட்டா என்ன?"

அன்றைக்கு வேனில் இருந்த என் விளக்கு கண்ணுக்குள் வந்தது. ஒரு முழம்கூட இல்லாத பித்தளை விளக்கு. பழைய சேலை சுற்றியிருந்தது. ஒரு சின்னப்பிள்ளை எடைகூட இராது. மாமியாருக்குத் தோன்றவில்லை, என் வீட்டுக்காரருக்குத் தோன்றவில்லை, ஊருக்கெல்லாம் பிளான் போட்ட உனக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். விட்டுவிட்டுப் போவது யாரை என்று தேடினோமே தவிர, விட வேண்டுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இவள் பேனாவைக் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். அவள் மீது கோபம்கூட வந்தது, அநியாயக் கோபம்.

உன் மனம் நோகக் கூடாதென்றுதான் பொய் சொன்னேன் என்று இவ்வளவு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். சொல்ல முடியாத ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதை மட்டும் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். திங்கட்கிழமை விளக்கை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் உனக்குச் சொல்லிவிட வேண்டும். கேளுடி.

நீ சொன்ன தண்ணி ஓரமாத்தான் போனோம். ஜீப்காரரு ஜீப்ப நிப்பாட்டி இன்ஜின அணைச்சாரு. புல்லுக்குள்ள இருந்து ஒவ்வொன்னா வந்திச்சி. பதிமூனு யானை, நான் எண்ணினேன். எங்க கண்ணு முன்னாடியே ரோட்டத் தாண்டிப் போச்சிங்க. முன்னால போனது ஒரு கெழட்டு யானை. அது அந்தப் பக்கம் போய்ச் சேந்துட்டு நின்னிச்சி. பொறகு திரும்பி, மத்ததுங்கள எல்லாம் வெலக்கிக்கிட்டு, வந்த வழியே ரோட்டத் தாண்டி வந்திச்சி. இந்தப் பக்கம் புல்லுக்குள்ள ஒன்னு கால நொண்டிக்கிட்டு நின்னிருக்கு, நாங்க யாருமே அதப் பாக்கல. அதுகிட்டப் போய் நின்னு, அதோட நடைக்கே நடந்து, கூட்டிக்கிட்டுப் போச்சி. அப்ப பதினாலு.