நிற்கிற வேலை

ஜூன் 9, திங்கள்

இன்று பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தால் இரவு எட்டரைக்கு விடலாம். இடது கெண்டைக்காலில் புடைத்திருக்கும் நீல முடிச்சுகள் மாலையில் இன்னும் தடித்துவிட்டன. கணுக்காலுக்கு மேலே தோல் கருத்து அரிக்கிறது. அயர்ன் மாஸ்டர்கள் எல்லாரும் அரை டிரவுசரில்தான் வேலை பார்ப்பார்கள், ஆவி அப்படி. நான் மட்டும் ஆறு மாதமாக முழு பேண்ட். "மாஸ்டர் டீசன்ட் ஆயிட்டாருங்க" என்று சூப்பர்வைசர் குகன் எல்லார் முன்னாலும் பாராட்டினார். ஏற்றுக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

ஸ்கேன் எடுத்தாயிற்று. வெரிகோஸ் வெயின். காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே அனுப்ப வேண்டிய வால்வுகள் பழுதாம்.

"உட்காரவே மாட்டீங்களா?" என்றார் டாக்டர் அம்மா.

"சாப்பிடறப்ப உக்காருவனுங்க."

கால் அளவு எடுத்துச் சீட்டு எழுதினார். இறுக்கமான காலுறை; மணிக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து காலைத் தூக்கி வைக்க வேண்டும். லேசர் பிறகு பார்க்கலாம். இதையும் செய்யாவிட்டால் கருத்த இடம் புண்ணாகும், ஆற மாதக்கணக்காகும், அப்புறம் நிற்கிற வேலையே கிடையாது.

காலுறை கடையில் கிடைக்கும். பத்து நிமிடம் எங்கே விற்கிறார்கள்?

ஜூன் 12, வியாழன்

மருந்துக்கடைக்காரர், "ஊட்டுக்காரம்மாவுக்குங்களா?" என்றார்.

"ஆமாங்க."

யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. சீட்டில் 'சுப்பையன், ஆண், 47' என்று இருந்ததால் அது சட்டைப்பையிலேயே தங்கியது. "அம்மா ஒல்லிங்களா, தாட்டியா இருப்பாங்களா?" சித்ரகலாவை வர்ணித்தேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவளைப் பற்றி இத்தனை நேரம் பேசியது அங்கேதான். மீடியம் சைஸ் கொடுத்தார். பதினெட்டு வருடமாக சைஸ் ஸ்டிக்கர் பார்த்து அடுக்குகிறவன், வாய் திறக்காமல் வாங்கி வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

முழங்காலுக்குக் கீழே சிவப்பாக ஒரு வளையம். இறுக்கமும் வைத்தியத்தில் சேர்த்திதான் என்று நம்பி வருகிறேன்.

ஜூன் 18, புதன்

வளையம் தோலை உரித்துவிட்டது. காலுறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சித்ரகலா பார்த்துவிட்டாள். எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருக்கிறாள். ஓட்டை, கறை, பிசிறு எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. "ஏனுங்க, இது என்ர காலுக்கு வாங்குனாப்ல இருக்குது" என்று சிரித்துக்கொண்டே பிடுங்கித் தன் காலில் ஏற்றினாள். கச்சிதமாக இருந்தது.

சேலையை உயர்த்தியபோதுதான் இன்னொரு காலைப் பார்த்தேன். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீல முடிச்சுகள். அதன் முன் என்னுடையது ஒன்றுமே இல்லை.

"எப்பருந்து?"

"சின்னவன் பொறந்ததுல இருந்துங்க. இதென்ன அதிசயம்? செக்கிங்ல எல்லாத்துக்கும் இருக்குது. ரங்காத்தாக்காவுக்கு ஒருக்கா ரத்தமே கொட்டுச்சு. வேஸ்ட் துணியைச் சுத்திக்கிட்டு நின்னுச்சு."

சின்னவனுக்குப் பன்னிரண்டு வயது.

பன்னெண்டு வருசம் — ஒரே ஊட்டுல. ஆறு மாசம் பேண்ட்டுக்குள்ள ஒளிச்சதுக்கே நான் பெரிய தியாகி மாதிரி… என்ன மனுசன் நான்?

ஜூன் 19, வியாழன்

கடைக்குப் போய்ச் சீட்டை நீட்டினேன். "எனக்குத்தாங்க."

கடைக்காரர் அசரவில்லை. "தெரியுமுங்க. வாங்கறதுல பாதிப் பேரு ஆம்பளைங்கதான். அத்தனை பேரும் ஊட்டுக்காரம்மாவுக்குன்னுதான் வாங்குவாங்க. உங்களுக்குச் சௌகரியமா இருக்கட்டும்னு நானே முந்திக் கேட்டுடறது."

இந்த முறை லார்ஜ்.

ஜூன் 20, வெள்ளி

முதலாளி சிவபிரகாஷைப் பார்த்தேன். செக்கிங்கில் பதினோரு பெண்கள், அயர்னில் நாங்கள் மூன்று பேர். எல்லாருக்கும் ஸ்டூல், மணிக்குப் பத்து நிமிடம் என்றேன். பேண்ட்டைச் சுருட்டிக் காலையும் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க உக்காந்துக்கங்க மாஸ்டர், பழைய ஆளு, யாரு கேக்கப் போறா? செக்கிங்குக்கு வேண்டாமுங்க. உக்காந்தா பேச்சு வரும். பேச்சு வந்தா பீஸ் நிக்கும்."

டெய்லர்கள் தினமும் உட்கார்ந்து, பேசிக்கொண்டேதான் தைக்கிறார்கள். பீஸ் எதுவும் நின்றதாகத் தகவல் இல்லை.

"எனக்கு மட்டும்னா வேண்டாமுங்க."

"அப்ப நின்னுக்கங்க" என்றார். ஆளைத் துரத்தினாலும் 'ங்க' போட்டுத் துரத்துகிற ஊர்.

ஜூன் 23, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். ஒரு ஷிப்ட்தான் வேலை. மேலே உள்ள அரை ஷிப்ட் பழக்கம். 'இருக்கிறீர்களா' என்று யாரும் கேட்டதில்லை, 'போகிறேன்' என்று யாரும் சொன்னதில்லை. இன்று ஐந்தரைக்குப் பெட்டியை அணைத்தேன். சனிக்கிழமை ஷிப்மென்ட்.

"உடம்புக்கு முடியலீங்களா மாஸ்டர்?" — குகன்.

"முடியுதுங்க. முடியறப்பவே போயர்லாமுன்னு. செக்கிங்குக்கு ஸ்டூல் வந்தா ஒன்னரை பாக்கறனுங்க."

சித்ரகலாவும் கத்தரியை வைத்துவிட்டுக் கூட வந்தாள். வீட்டில் இரண்டு பேரும் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்தோம். ஃபேனில் எத்தனை தூசி என்று முதன்முறையாகப் பார்த்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

ஐந்தரைக்கு இன்னொரு மாஸ்டர் இசக்கிமுத்து, "அண்ணாச்சி, நில்லுங்க, நானும் வாரேன்" என்று கிளம்பிவிட்டான். செக்கிங்கில் ஏழு பேர் வந்தார்கள்.

'அயர்ன் மாஸ்டர் தேவை' பலகை கேட்டில் எப்போதும் தொங்குவதுதான். இன்று குகன் அதைத் துடைத்து வைத்திருக்கிறார்.

பயமில்லை என்று எழுதப் பார்த்தேன். இருக்குது. பெரியவன் இந்த வருசம் காலேஜ் சேரணும். ஆனா அந்தக் கறுப்பு எடம் வெடிச்சா எந்தக் கம்பெனி என்னை நிறுத்தி வெச்சுக்கும்?

ஜூன் 25, புதன்

பலகையைப் பார்த்து ஒருவர் வந்தார். மேசையோரம் நின்று என் வேலையைக் கவனித்தார். இந்த வெக்கையில் அவரும் முழு பேண்ட். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

தேய்க்காத பீஸ் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. காலை பத்து மணிக்கு ஒரு டாடா ஏஸ் வந்து பதினான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்களை இறக்கிவிட்டுப் போனது. முதலாளி கோயமுத்தூரில் வேலை என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யாரும் உட்காரவில்லை. பதினோரு ஸ்டூலுக்குப் பக்கத்தில் பதினோரு பெண்கள் நின்றபடியே பிசிறு வெட்டினார்கள். ரங்காத்தாள் தன் ஸ்டூலில் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தாள். குகன் மேசையருகே கைகட்டி நின்றிருந்தார். போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். இது நான் சொல்லி நடக்கிற காரியமா?

பதினொன்றே காலுக்கு சித்ரகலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். குகனைப் பார்த்தாள். அடுத்த பீஸை எடுத்தாள், அதன் கையைத் திருப்பினாள், ஓட்டை பார்த்தாள், நூலை வெட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து ரங்காத்தாள் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.