கோணாமலையின் இடது தோள்

பெரியகல்லாறு
ஐப்பசி, 1937

அன்பு மகன் இராசதுரைக்கு அம்மா எழுதுவது. அம்மன் காவலில் இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க இன்றைக்கு மனம் கூசுகிறது, இருந்தாலும் பெற்றவள், கேட்கிறேன். மழை தொடங்கிவிட்டது, வாவி கலங்கிக் கிடக்கிறது, அப்பா வலையை எடுத்து வைத்துவிட்டு நீ அனுப்பிய பத்திரிகைத் துண்டோடு ஊர் சுற்றுகிறார். பினாங்கில் வென்றாய், ஈப்போவில் வென்றாய், ஜப்பான்கார வாத்தியார் தன் கையாலேயே கறுப்புப் பட்டி கட்டிவிட்டார், இப்போது சிங்கப்பூர் ஜூடோக் கோப்பையும் உனக்குத்தான் என்று கடைத்தெருவில் அவர் சொல்லாத ஆள் இல்லை. முந்திய ஒவ்வொரு வெற்றிக்கும் நான் கோயிலில் பொங்கல் வைத்தேன். இந்தமுறை அடுப்பு மூட்டவில்லை.

கடைசிப் போட்டியில் உன் கூட்டாளி கோணாமலையை எப்படி விழுத்தினாய் என்று நீயே பெருமையாக எழுதியிருக்கிறாய், அவனுடைய இடது தோள் சரியில்லை என்று தெரிந்துதான் அந்தக் கையையே பிடித்து எறிந்தாயாம். அது உனக்கு எப்படித் தெரியும்? போன வருடம் அவன் லீவில் வந்து கரைவலை இழுத்தபோது தோள் கழன்றதைக் கண்ணகை மாமி எனக்கு மட்டும்தான் சொன்னாள், வெளியே தெரிந்தால் தன் மகனுடைய துறைமுக வேலை போய்விடும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் உனக்கு மட்டும் எழுதினேன், ஒரே அறையில் படுத்து ஒரே பானையில் சாப்பிடுகிறவர்கள், அவனைப் பாரம் தூக்க விடாமல் பார்த்துக்கொள் என்று எழுதினேன். நீ பார்த்துக்கொண்ட இலட்சணம் இதுவா மகன்? அவனை மட்டுமல்ல, என்னையும் ஏமாற்றிவிட்டாய்.

நேற்றுக் கோணாமலையின் கடிதத்தைக் கண்ணகை கொண்டுவந்தாள், ஆஸ்பத்திரியில் யாரோ எழுதிக் கொடுத்தது. அவளுக்கும் எழுத்துத் தெரியாது, எப்போதும் போல் நான்தான் வாசித்தேன். கை இனி மேலே உயராதாம், அடுத்த கப்பலில் வருகிறானாம், இராசதுரை மேல் பிழையில்லை என்றும் எழுதியிருந்தான். அவள் அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன்ட மகனுக்கு அவன்ட தோள் விசயம் தெரியாதுதானே மச்சாள், தெரிஞ்சிருந்தா அந்தப் பக்கம் தொட்டிருக்கமாட்டான்" என்றாள். நான் "ஓம்" என்றேன். கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

கோப்பையை இங்கே அனுப்பாதே, பார்க்க முதலில் ஓடி வருகிறவள் அவளாகத்தான் இருப்பாள். நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, கோபத்திலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மன் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு. ஒன்றை மட்டும் மறக்காதே, கோணாமலை வந்து இறங்குமுன் கண்ணகை மாமிக்கு நடந்ததை நீயே எழுது. அதையும் அவள் என்னிடம்தான் கொண்டுவருவாள். ஒரு சொல்லும் விடாமல் வாசிப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்னப்பூரணி