நீ வந்ததாகச் சொன்ன பட்டியல்

என் செல்லத் தம்பி சுதனுக்கு,

உன்னைத் திட்டாமல் ஒரு கடிதமும் தொடங்கத் தெரியாத அக்கா எழுதுகிறேன். இந்த முறை திட்டு எனக்குத்தான். நீ அங்கே இருந்து சிரிப்பாய், சிரி.

நீ போய் மூன்று வருடமாகிவிட்டது. நான் இப்போதும் மயிலிட்டி வீட்டின் முன்னறையில் இருந்துதான் மென்பொருள் வேலை செய்கிறேன். புதுச் செய்தி, நிரல் எழுத இப்போது ஒரு ஏஐ இருக்கிறது. இன்னது வேண்டும் என்று சொன்னால் போதும். தானே எழுதி, தானே ஓட்டிப் பார்த்து, பிழை வந்தால் தானே திருத்தும். நான் தேத்தண்ணி ஆற்றிக் குடிப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

போன மாதம் கரை மீனவர் சங்கத்தில் கேட்டார்கள், கடலுக்குப் போகிறவர்களைப் பதிந்து, நேரத்துக்கு வராதவர்களைக் காட்டும் செயலி ஒன்று செய்து தர முடியுமா என்று. ஏன் என்னைக் கேட்டார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? வாடைக்காற்று தொடங்க முன் வேண்டும் என்றார்கள். உடனே ஓம் என்றேன்.

"கட்டத் தொடங்குமுன் திட்டம் ஒன்று எழுதட்டுமா? சில கேள்விகள் இருக்கின்றன" என்று ஏஐ கேட்டது. பிறந்ததில் இருந்து இந்தக் கரையில் இருப்பவளுக்கு என்ன கேள்வி? வேண்டாம், கட்டு என்றேன். உன் அவசரக்குடுக்கை அக்கா மாறவேயில்லை. மதியத்துக்குள் செயலி தயார். படகு இலக்கம், போன நேரம், வந்த நேரம். வராத படகு சிவப்பு, வந்த படகு பச்சை.

அடுத்த நாள் காலை கரையில் காட்டினேன். எல்லோருக்கும் பிடித்தது. உன் படகுக்காரர் ராசன் அண்ணை மட்டும் என் போனை வாங்கிக் கனநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, இதிலை சுதன் எங்கை?"

எனக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கு என்ரை படகு நேரத்துக்கு வந்திட்டுது. இது பச்சைதானே காட்டும்? அவன் வரேல்லையே, பிள்ளை."

அன்று நடுக்கடலில் வேறு கரைப் படகொன்றின் எஞ்சின் நின்றுபோக, திருத்திக் கொடுக்க நீ அதில் ஏறினாய். எஞ்சின் வேலை தெரிந்தவன் அப்படி ஏறுவது இங்கே வழக்கம்தான். எத்தனை தரம் அந்தக் கரையில் இறங்கி பஸ்ஸில் வந்திருக்கிறாய்! அதனால் ராசன் அண்ணை பயமில்லாமல் திரும்பி வந்தார். நானும் உன் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு இருந்தேன். அந்தக் கரையில் அவர்கள் படகு எங்கள் பக்கம் ஒதுங்கியிருக்கும் என்று நினைத்தார்கள். ஒரு பகல் முழுக்க உங்களை ஒருவரும் தேடவில்லை. பிறகு தேடியும் நீங்கள் கிடைக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த நான், உன்னை நினைத்தே செய்த செயலியில், ஆளை விட்டுவிட்டுப் படகை எண்ணியது எப்படி?

முதலில் ஒட்டுப்போடப் பார்த்தேன். படகு மாறியவர்களுக்கு ஒரு பெட்டி சேர்க்கச் சொன்னேன், சேர்த்தது. பிறகு பட்டியலில் ஒரே ஆள் இரண்டு படகில் நின்றார். அதைத் திருத்த இன்னொன்று குழம்பியது. ஏஐமேல் என்ன குற்றம்? சொன்னதைத்தான் செய்தது. எல்லாவற்றையும் அழித்தேன். "ஒரு வரி நிரலும் எழுதாதே. முதலில் என்னைக் கேள்" என்றேன்.

இரண்டாவது கேள்வியே "புறப்பட்ட படகிலேயேதான் எல்லோரும் திரும்புவார்களா?" என்பது. அன்றைக்கே இதைக் கேட்டிருக்கும், நான்தான் வாயை அடைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, தம்பி.

"ஒருவர் வந்துவிட்டார் என்று யார் உறுதி செய்ய வேண்டும்?" என்றும் கேட்டது. அந்தக் கேள்வியை ராசன் அண்ணையிடம் கொண்டுபோனேன்.

"வீட்டுக்காரர்தான் சொல்லோணும். ஆளைக் கண்ணாலை கண்டவை" என்றார். பிறகு, "அண்டைக்கு நான் உங்கடை வீட்டை வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கோணும்" என்றார்.

"நானும் வந்து கேட்கேல்லையே, அண்ணை" என்றேன். மூன்று வருடத்தில் நாங்கள் இதைக் கதைத்தது அன்றுதான்.

கேள்விகளுக்குப் பதில் தேடிக் கரையெல்லாம் திரிந்ததில் பத்து நாள் போயிற்று. கட்ட ஒரு முற்பகல் போதுமாக இருந்தது. சோதித்துப் பார்க்க ஒரு நாளின் விவரம் தரச் சொன்னது. அந்த நாளையே கொடுத்தேன். நீ புறப்பட்டது, படகு மாறியது, ராசன் அண்ணையின் படகு கரை சேர்ந்தது எல்லாம். திரையில் எழுத்து வந்தது: "படகு வந்துவிட்டது. சுதன் இன்னும் வரவில்லை. வீட்டுக்கு அறிவிக்கவும்."

மேசையில் தலையை வைத்து அழுதேன். சரியாகத்தான் வேலை செய்தது.

அந்தச் சோதனையை ஒருபோதும் அழிக்க மாட்டேன், ராசா. இனி இந்தச் செயலியில் யார் எதை மாற்றினாலும், அந்தச் சோதனை முதலில் ஓடி உன்னைத் தேடும். நீ வரவில்லை என்று சொன்ன பிறகுதான் செயலி மற்றவர்களுடைய வேலைக்குப் போகும்.

உன்னைத் தேடப் பிந்திவிட்ட
உன் கூடப்பிறந்த அக்கா