காற்றுக்கு மூன்று டிகிரி

மார்ச் 11

சொன்னேனா இல்லையா? வறண்ட காற்று இந்த வருடம் பத்து நாள் முந்திக்கொண்டு வரும் என்று பிப்ரவரியிலேயே சொன்னவன் நான். ரேடியோக்காரர்களுக்கு நேற்றுதான் தெரிந்திருக்கிறது. தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. இன்று காலை பக்கத்து வீட்டுக்காரரின் பனியன் கொடியிலிருந்து பறந்து வந்து அவர் மூஞ்சியிலேயே அப்பியதும் நம்பினார்கள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு இந்தத் தெரு வைத்திருக்கும் பெயர் ‘டிகிரி மாமா’. சும்மா வந்த பெயரா? மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் உச்சியில் நிற்கும் வெள்ளைப் பெட்டி என் கையால் செய்தது. வெயில் புகாமல் காற்று மட்டும் புகும்படி நாலு பக்கமும் பலகைகளைச் சாய்த்து அடித்திருக்கிறேன். உள்ளே தெர்மாமீட்டர். அதில் ஒரு குட்டி இரும்பு ஊசி. சூடு எதுவரை ஏறியதோ அங்கேயே நின்றுவிடும், காந்தம் வைத்து இழுத்தால்தான் கீழே வரும். காலை பதினொன்றுக்கு ஏணியில் ஏறிப் பார்த்து, வாசல் சுவர்க் கரும்பலகையில் எழுதுவேன். சாயங்காலம் ஏறி ஊசியை இறக்குவேன். உலகத்தில் இப்படி ஒழுங்காகச் செய்பவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம். மற்ற இருவரை எனக்குத் தெரியாது.

மார்ச் 15

இன்றிலிருந்து என் பலகைக்கு அதிகாரம் வந்துவிட்டது! எதிரே ஐந்து மாடிக் கட்டடம் எழும்புகிறது. தங்கையின் வீட்டுக்காரர் அங்கேதான் கம்பி கட்டுகிறார். முப்பத்தெட்டுக்கு மேல் போனால் பதினொன்றிலிருந்து மூன்றுவரை மாடியில் வேலை கூடாது என்று ஆட்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் யார் கணக்கை நம்புவது? மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் சொன்னாராம்: “எங்க மச்சான் பலகையப் பாருங்க. அவர் வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனா நம்பர்ல பொய் சொல்ல மாட்டார்.”

வாய் நீளமாம். இருக்கட்டும், பெரிய சர்ட்டிபிகேட்தான்.

மார்ச் 22

காற்று. பெட்டிக் கதவு படார் படார் என்று அடிக்கிறது. தெர்மாமீட்டர் ஆடுகிற ஆட்டத்தில் கோடு ஒன்று இரண்டாகத் தெரிகிறது. ஒரு கையால் ஏணி, ஒரு கையால் கதவு, பல்லில் பென்சில்.

மார்ச் 23

யோசித்துக் கண்டுபிடித்தேன். காற்றடித்தால் மனுஷனுக்குச் சிலுசிலு என்று இருக்கிறதா இல்லையா? அப்படியானால் காற்றுக்கு ஒரு கழிவு கொடுக்க வேண்டும். பெருங்காற்று என்றால் மூன்று டிகிரி, சிறு காற்றுக்கு ஒன்று. நாற்பது காட்டினால் முப்பத்தேழு என்று எழுத வேண்டியது. இதைச் சொன்னதும் எதிர்க் கட்டடத்து மேஸ்திரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீங்க விஞ்ஞானி சார்!”

மார்ச் 27

பள்ளிக்கூட லேபில் வேலை பார்த்து ரிட்டயரான கண்ணாடிக்காரர் வந்தார். பலகையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

“அதென்ன கழிவு? காத்து உங்களுக்குத்தான்யா சில்லுனு இருக்கும். வேர்க்கிறது நீங்க. தெர்மாமீட்டருக்கா வேர்க்குது? காத்தடிச்சா அது இன்னும் சரியாத்தான் காட்டும். காட்டினத அப்படியே எழுதுங்க.”

“அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அப்புறம், அதுல டிகிரிக்கு ஒரு கோடுதான் இருக்கு. புள்ளி நாலு எங்கேர்ந்து வந்துச்சு?”

“கண்ணு இருக்கே!”

புள்ளி போட்டால்தான் எண்ணுக்கு ஒரு மரியாதை. அது அவருக்கு எங்கே புரியப்போகிறது.

ஏப்ரல் 2

ஏணியின் நாலாவது படியில் கால் சறுக்கியது. தொட்டி விளிம்பைப் பிடித்துத் தொங்கினேன். மாப்பிள்ளை எதிர்மாடியிலிருந்து பார்த்துவிட்டு, “மச்சான், இறங்குங்க! நம்பர் ஒண்ணும் ஓடிப்போயிடாது” என்று கத்தினார். தெருவில் கேட்டவர்களிடம் ஏணியைப் பரிசோதித்தேன் என்றேன். பயமா? எனக்கா?

ஏப்ரல் 3

முழங்கால் வீக்கம்.

ஏப்ரல் 9

பேய்க்காற்று, கண்ணைத் திறக்க முடியாத புழுதி. பதினொன்றுக்கு ஏறிப் பார்த்தேன்: 40.4. காற்றுக் கழிவு 3. பலகையில் 37.4. மேஸ்திரி மேலேயிருந்து கட்டைவிரலைக் காட்டினார். வேலை நடக்கிறது.

ஏப்ரல் 9, சாயங்காலம்

இரண்டு மணிக்கு மாப்பிள்ளை விழுந்துவிட்டார். மாடியிலிருந்து இல்லை, நின்ற இடத்திலேயே. கம்பி கட்டிக்கொண்டிருந்தவர், பக்கத்தில் நின்றவரிடம் என்னென்னவோ சம்பந்தமில்லாமல் பேசினாராம். கையிலிருந்த கம்பி முறுக்கும் கொறடைப் பார்த்துப் பேனா என்றாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் முட்டி மடங்கி — உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்ததாம். சட்டையில் ஒரு பொட்டு வியர்வை இல்லையாம்.

டாக்டர் சொன்னது: “இந்தக் காத்து வேர்வைய அப்பப்பவே காய வச்சிடும். எவ்வளவு தண்ணி போகுதுன்னு அவங்களுக்கே தெரியாது. அனல்காத்து உடம்பக் குளிர வைக்காதுங்க, இன்னும் சூடேத்தும்.”

எனக்குத் தெரியாதா என்ன. தெரியும். தெரியுமா?

ஏப்ரல் 10

காலையில் காற்று நின்றதும் ஏறினேன். ஊசி நாற்பத்து நான்கில் நிற்கிறது. நேற்று இறக்கவே இல்லையே. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு காந்தத்தை வைத்து இழுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன்? கை தானாகச் செய்தது என்று வைத்துக்கொள்வோம்.

ஏப்ரல் 13

கண் திறக்கவில்லை. சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்கிறார்கள். தங்கை ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காணாமல் போய்விடுமாம்.

ஏப்ரல் 15

கண் திறந்தார். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். “இன்னிக்கு எவ்வளவு மச்சான்?”

தினமும் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று கேட்பாரே, அதே கேள்வி. போர்வையைச் சரிசெய்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 17

போய்விட்டார். காலை ஆறேகால்.

ஏப்ரல் 24

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா விசாரணைக்கு வந்தார். மேஸ்திரி அழுதார். “நான் பலகையப் பாத்துத்தான் மேடம் வேலை வாங்கினேன்.” ஆட்கள் அவர்மேல் பாயாத குறை.

அந்த அம்மா என்னைக் கேட்டார். சொன்னேன். ஏணி எப்படி ஆடியது, புழுதியில் எப்படிக் கண்ணை இடுக்கிக்கொண்டு கோட்டை எண்ணினேன், கதவு எப்படி விரலை நசுக்கியது — எல்லாம் கோவையாக வந்தது. நசுங்கிய விரலைக்கூடக் காட்டினேன். அது வேறு நாள் நசுங்கியது.

“படிச்சது நாற்பது புள்ளி நாலு. கழிச்சது மூணு. அப்படித்தானே?”

“அப்படித்தாம்மா.”

“கழிச்சது தப்புதான். ஆனா தெரியாம செஞ்சிருக்கீங்க. மத்தபடி கஷ்டப்பட்டு ஏறிப் பாத்திருக்கீங்க” என்று எழுதிக்கொண்டார். நாளை ஆள் வந்து அளவு எழுதும் இந்த நோட்டை வாங்கிப் போவாராம்.

அந்த அம்மா போனபிறகு தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். என் வீட்டுக்கு வந்து தங்கியதிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள்.

“அண்ணா, அவர் உன்ன நம்பித்தான் எல்லார்கிட்டயும் சொன்னாரு. அன்னைக்கு நீ ஏறிப் பாத்தல்ல?”

“பாத்தேம்மா.”

“அது போதும்” என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏப்ரல் 25, காலை

ஆள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஒன்பதாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழித்தால் அதன் பின்பக்கமும் கையோடு வரும். அதில்தான் அவர் விழுந்தது இருக்கிறது.

கிழிக்கவில்லை. கண்ணாடிக்காரர் சொன்னபடி, காட்டினதை அப்படியே எழுதுகிறேன்.

ஏப்ரல் 9 அன்று மொட்டைமாடிவரை போனேன். ஏணியில் இரண்டு படி ஏறினேன். காற்று தூக்கியது, பயந்து இறங்கிவிட்டேன். முந்தின நாள் நாற்பது. அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன். புள்ளி நாலும் நான் வைத்ததுதான். அன்று தெர்மாமீட்டரை நான் பார்க்கவே இல்லை.