பினாங்கிலிருந்து வந்த கறுப்புக் குதிரை

குன்றாண்டார்கோவில்,
வெகுதான்ய வருடம் தை மாதம் 19-ந் தேதி

சிரஞ்சீவி உடையப்பனுக்கு ஆத்தா மீனம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் மாடு கன்றும் சுகம், பினாங்கில் நீ சுகமாயிருக்க சாமிக்கு விளக்குப் போட்டிருக்கிறேன். அண்ணே, சொல்வது ஆத்தா, எழுதுவது செவந்தி. மரியாதையான வரியெல்லாம் ஆத்தாவுடையது, மற்றது யாருடையது என்று நீயே கண்டுபிடித்துக்கொள்.

உன் கடையில் வேலை பார்க்கும் அறந்தாங்கி முத்துராமனுக்கு என்னைக் கேட்கிறார்கள், ஆள் எப்படி என்று எழுது என்றுதான் போன கடிதத்தில் ஆத்தா கேட்டாள். அப்பா இல்லாத வீட்டில் மூத்த மகன் வாக்குதான் சபையில் செல்லும் என்று தெரிந்திருந்தும் நீ இரண்டு பக்கம் இங்கிலீஷில் எழுதினாய். நீ ஏறின கப்பலிலேயே உன் தமிழையும் ஏற்றிக் கடலில் தள்ளிவிட்டாயா? அது வந்து சேர்ந்ததோ பரிசம் பேசும் நாள் காலையில். பழனிச்சாமி மாமா வண்டி கட்டிப் போய் ஆவூர் மரியசெல்வம் வாத்தியாரை அழைத்து வந்தார். பாவம் அவர், சபை நடுவில் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் தமிழாக்கினார். முத்துராமன் ஒரு கறுப்புக் குதிரையாம். பட்டை தீட்டாத வைரமாம். காட்டுத் தானியத்தையெல்லாம் விதைத்து முடித்துவிட்டானாம். அவன் வாயில் வெண்ணெய்கூட உருகாதாம். அகராதியில் எல்லாச் சொல்லும் இருந்தது, நீ சொல்ல வந்தது மட்டும் இல்லை.

முப்பது பேரில் ஒருத்தராவது அர்த்தம் கேட்க வேண்டுமே. கேட்டால் இங்கிலீஷ் தெரியாது என்று ஆகிவிடுமாம், ஏதோ தெரிந்தவர்கள் மாதிரி. மாமா மீசையைத் தடவிக்கொண்டு ரொம்ப சரி என்று தலையை ஆட்டினார், அவரைப் பார்த்து எல்லோரும் ஆட்டினார்கள். தாய்மாமன் தலையாட்டினால் சம்மதம், தாம்பூலத் தட்டை மாற்றிவிட்டார்கள். ஒருத்தருக்கும் விளங்காத கடிதத்தால் எனக்கு வைகாசியில் முகூர்த்தம். அதெல்லாம் துரைமார் சொலவடை போலிருக்கிறது. நாமும்தான் காது குத்துகிறான், கயிறு திரிக்கிறான் என்று பேசுகிறோம், அதற்காகத் துரை வீட்டுச் சம்பந்தத்துக்கு அப்படி எழுதி, காது குத்த அவர்கள் ஆசாரியைத் தேடட்டும் என்று விடுகிறோமா?

எல்லோரும் கிளம்பும்போது மாப்பிள்ளையின் தாய் செங்கமலம் என்னை மாட்டுக்கொட்டில் பக்கம் ஒதுக்கிக் கொண்டுபோய், “ஏத்தா, ஒங்கண்ணன் எம் மகனைப் புகழ்ந்திருக்காகளா, வஞ்சிருக்காகளா? அவன் போயி அஞ்சு வருசமாச்சு, இப்ப எப்படியிருக்கான்னு எனக்கே தெரியலை” என்றாள். அத்தனை தலைப்பாகைகளும் கேட்காததை அவள் ஒருத்திதான் கேட்டாள், அதுவும் மாடுகள் முன்னால்.

பிள்ளை படித்தவன், ஏதோ நல்லதாகத்தான் எழுதியிருப்பான், வையாதே என்று ஆத்தா அழுகிறாள். கழுத்தை நீட்டப் போவது நான். ஆகையால் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இதற்குள் ஒட்டி வைத்திருக்கும் உறை முத்துராமனுக்கு. மூன்றே கேள்வி. குடிப்பீர்களா, அங்கே வேறு பெண்சாதி இருக்கிறாளா, கோபம் வந்தால் கை நீட்டுவீர்களா. முதல் இரண்டும் ஆத்தா சொன்னவை. நீ அதைப் பிரிக்காதே, பக்கத்தில் நின்று அர்த்தமும் சொல்லாதே. மாசி முடிவதற்குள் அவர் கைப்படத் தமிழில் பதில் வரவேண்டும். வராவிட்டால், வந்தும் எனக்குப் பிடிக்காவிட்டால், மாமா மீசையோடு நிற்கட்டும், தட்டை நானே அறந்தாங்கிக்குத் திருப்பிக் கொண்டுபோவேன். இதைச் செங்கமலத்தம்மாளிடம் அப்போதே சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். “எதுன்னாலும் அவன் எழுதுனதை எடுத்துக்கிட்டு வாத்தா, எனக்கும் படிச்சுக் காட்டு” என்றாள்.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, ஈரத்தோடு கடைக்குப் போகாதே. நோய் நொடியில்லாமல் நூறு வயது இரு. இந்த வரி ஆத்தாவுடையது. அந்த உறையை வாங்கின அன்றே கொடு. இது என்னுடையது.

இப்படிக்கு
மீனம்மாள் கைநாட்டு
எழுதியவள், இன்னும் யாருக்கும் தலையாட்டாத செவந்தி